மதராஸ் பெயரைத் தாங்கிய நோய்

கண் துடித்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கண்?" என்பதுதான். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்றால் நல்ல சேதி. மாறித் துடித்தால் அம்மாவின் முகம் கொஞ்சம் வாடும். இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். கம்பராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், அசோகவனத்துச் சீதை தனக்கு இடப்பக்கம் துடிக்கிறது என்று திரிசடையிடம் சொல்கிறாள். விசுவாமித்திரரோடு ராமன் மிதிலைக்கு வந்தபோதும் அப்படித்தான் துடித்தது, அவன் காட்டுக்குப் போன நாளிலும் இராவணன் வஞ்சமாக வந்த நாளிலும் வலம் துடித்தது என்று கணக்கும் சொல்கிறாள். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் சீன மொழிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களிடமும் ஒரு பழமொழி உண்டு: இடக்கண் துடித்தால் பணம், வலக்கண் துடித்தால் கேடு.

இப்போது கேள்வி மாறிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர், கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறதே என்று செல்போனில் தேடுகிறார். சில வரிகளுக்குள் 'மோட்டார் நியூரான் நோய்' என்று வந்துவிடுகிறது. அதோடு தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் துடிப்பு இன்னும் கூடும். நம் குடியிருப்பில் இந்தப் பயத்தோடு இருப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல என்பது என் ஊகம். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி, இங்கிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சில் நடந்தது. உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் படிக்கும் பாடங்களில் நம் தலைநகரின் பழைய பெயர் இடம்பெற்றதும் அதனால்தான்.

முதலில், துடிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி என்பவர் 1780-களில் செத்த தவளையின் காலை மின்சாரம் கொண்டு துடிக்க வைத்தார். 1791-ல் அதைப் புத்தகமாக எழுதினார். நரம்புக்கும் சதைக்கும் நடுவே ஓடுவது ஒரு வகை மின்சாரம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் முதுகுத் தண்டின் முன்பகுதியில் இயக்க நரம்பணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட கம்பி கிளம்பி, கையிலோ காலிலோ உள்ள சதைக்குப் போய்ப் பல கிளைகளாகப் பிரிகிறது. பெரிய தசைகளில் ஒரே நரம்பணு நூற்றுக்கணக்கான தசை இழைகளைப் பிடித்திருக்கும். மூளை உத்தரவு போட்டால் அத்தனையும் ஒன்றாகச் சுருங்கும். உத்தரவே இல்லாமல் அந்தக் கம்பி தானாக ஒரு பொறி விட்டால், தோலுக்கடியில் ஒரு சின்ன அலை ஓடும். கையோ காலோ நகராது, சதை மட்டும் துள்ளும். இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ஃபேசிகுலேஷன். ஒரே ஒரு தசை இழை தனித்துத் துடிப்பது வேறு, அது வெளியில் கண்ணுக்குத் தெரியாது, ஊசி மின்முனை செருகித்தான் பார்க்க முடியும். இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து டென்னி-பிரவுனும் பென்னிபேக்கரும் கட்டுரை எழுதியது 1938-ல்.

துடிப்பும் நடுக்கமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்குக் கை ஒரே தாளத்தில் ஆடுவது நடுக்கம். நம் மருத்துவ மரபில் கம்பவாதம் என்று சொல்லப்பட்டதும், 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்ததும் அந்த வகை. கம்பவாதத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்த பூனைக்காலி விதையிலிருந்து 'டோபா' என்ற பொருளை 1937-ல் பிரித்தெடுத்தவர்கள் மதராஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சன் நோய்க்கு அதே டோபா மருந்தானது அதற்கும் கால் நூற்றாண்டு கழித்துத்தான். (இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கலக்கிக் குடிக்க வேண்டாம். அளவு மாறினால் தொல்லை.) நாம் பேசப்போவது நடுக்கத்தை அல்ல, துடிப்பை.

பயம் எங்கிருந்து வந்தது?

துடிப்பைக் கண்டு மருத்துவ உலகம் அஞ்சத் தொடங்கியது பாரிஸில். 1850-ல் பிரான்சுவா அரான் என்ற மருத்துவர், சதை படிப்படியாக வற்றிக்கொண்டே போகும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிறகு சல்பெத்ரியேர் மருத்துவமனையின் ழான்-மார்ட்டின் ஷார்க்கோ, இறந்துபோன நோயாளிகளின் முதுகுத் தண்டை வெட்டிப் பார்த்து, உயிரோடு இருந்தபோது கண்ட அறிகுறிகளோடு ஒப்பிட்டார். 1869-லிருந்து இதைப் பற்றி எழுதி வந்தவர், 1874-ல் அந்த நோய்க்கு ஒரு நீளமான பெயர் வைத்தார். இன்று சுருக்கமாக ஏ.எல்.எஸ். என்கிறோம். இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். சாகப் போகும் நரம்பணு கடைசியில் தாறுமாறாகப் பொறி விடுவதால்தான் துடிப்பு. கையில் தொடங்கினால் காலுக்கும், பிறகு நாக்குக்கும் தொண்டைக்கும், கடைசியில் மூச்சுத் தசைகளுக்கும் போகும். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதில் வரும். பலரும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக் 1939-ல் இந்த நோயால் ஆட்டத்தை விட்டார். 1941-ல், 38 வயது நிறைவதற்குள் இறந்தார்.

பாடப்புத்தகங்களில் இருந்தது இந்தச் சித்திரம்தான். ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளை வைத்து எழுதப்பட்டது. மதராஸில் நரம்பியல் படித்தவர்கள் கையில் இருந்த புத்தகங்களும் அவைதான்.

ஜெனரல் ஆஸ்பத்திரியில்

பி.ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பிறகு கனடாவின் மாண்ட்ரியாலிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950-ல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின ஆண்டில்தான் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி அதே வேலையைத் தொடங்கியிருந்தார். 1951-ல் இவர்கள் இருவரும் எஸ்.டி.நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். நாட்டிலேயே இந்தத் துறைக்கென்று படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது.

அரசு மருத்துவமனைக்கு ஒரு பலம் உண்டு, அது இன்றும் மாறவில்லை. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து சேர்வார்கள். ஒரு தனியார் மருத்துவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை பார்க்கும் நோயை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கருவிகள் குறைவு. சி.டி. ஸ்கேன் உலகத்திலேயே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் சுத்தியல், டார்ச், இசைக்கவை, பிறகு இரண்டு கண்கள். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டாமல் சும்மா உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நாக்கின் மேல் புழு நெளிவதுபோல் துடிப்பு ஓடினால் அதற்கு அர்த்தம் உண்டு. இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தால் கேட்கிறதா, எலும்பின் மேல் வைத்தால் கேட்கிறதா என்பதற்கும் அர்த்தம் உண்டு.

இப்படிப் பார்த்துப் பார்த்து, புத்தகத்தில் இல்லாத ஒரு முகம் தெரியத் தொடங்கியது. மோட்டார் நியூரான் நோய் என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினர் முதியவர்கள் அல்ல, பள்ளிக்கூடம் அல்லது கல்லூரி வயதுப் பிள்ளைகள். கை அல்லது கால் சதை வற்றியிருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. முகத்துத் தசை தளர்ந்திருக்கிறது. நாக்கு இளைத்துத் துடிக்கிறது, பேச்சு குழறுகிறது. இவர்களில் பலருக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை. ஷார்க்கோவின் நோய் காதைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் விட வியப்பு, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கொஞ்சம் மோசமாகியிருக்கலாம், ஆனால் உயிரோடு இருந்தார்கள், பலர் நடந்தே வந்தார்கள்.

1970-ல் ஈ.மீனாட்சிசுந்தரம், கே.ஜகந்நாதன், பி.ராமமூர்த்தி மூவரும் 'நியூராலஜி இந்தியா' இதழில், மதராஸில் இளம் வயதினரிடம் காணப்படும் மோட்டார் நியூரான் நோய் எப்படி இருக்கிறது என்று எழுதினார்கள். 1973-ல் வால்மீகிநாதனும் மீனாட்சிசுந்தரமும் மற்றவர்களும் இந்த நோயாளிகளின் உடலில் நடக்கும் இரசாயன மாற்றங்களை ஆராய்ந்து ஒரு பிரிட்டிஷ் நரம்பியல் இதழில் வெளியிட்டபோது, தலைப்பிலேயே 'மதராஸ் பாணி' என்ற சொல் இருந்தது. பிறகு அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று நிலைத்துவிட்டது. 1996-ல் நகரம் சென்னை ஆனது. 2011-ல் அந்த மருத்துவமனை, நம் ஸ்ரீபெரும்புதூரில் 1991-ல் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் பெயரைப் பெற்றது. நோயின் பெயர் மட்டும் இன்னும் மெட்ராஸ்.

ஒரு பெயர் வைத்ததால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பதினாறு வயதுப் பையனை அழைத்து வந்திருக்கும் பெற்றோர் இடத்தில் நின்று பாருங்கள். புத்தகத்தை மட்டும் நம்பும் மருத்துவர், "மோட்டார் நியூரான் நோய், மூன்று வருஷம்" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா, வேலைக்குப் பயிற்சி தர வேண்டுமா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். இருக்கிற நிலத்தை விற்றுக் கோயில் கோயிலாக அலைவார்கள். "இது அந்த வகை இல்லை, மெதுவாகப் போகும் வகை, படிக்க வையுங்கள், காதுக் கருவி வாங்கிக் கொடுங்கள், விழுங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடிந்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகள் வேறு மாதிரி இருக்கும். மருந்து எதுவும் கண்டுபிடிக்காமலே கிடைத்த பலன் இது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது மெட்ராஸ் நோய் அல்ல, ஆனாலும் அவர் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1963-ல், 21 வயதில், இரண்டு ஆண்டுகள்தான் என்று கெடு வைத்தார்கள். அவர் 2018 வரை, 76 வயது வரை வாழ்ந்தார்.

அடுத்த கட்டம் பெங்களூரு நிம்ஹான்ஸில். அங்கே எம்.கௌரிதேவியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-ல் இன்னொரு வகையைப் பிரித்துக் காட்டினார்கள்: இளைஞர்களுக்கு ஒரே ஒரு கையோ காலோ மட்டும் சில ஆண்டுகள் இளைத்து, பிறகு அப்படியே நின்றுவிடும் நோய். கையில் வரும் இதே மாதிரியான நோயை ஜப்பானில் ஹிராயாமா 1959-லேயே விவரித்திருந்தார். இதுவும் ஏ.எல்.எஸ். என்று தவறாக நினைக்கப்படக்கூடியது. மெட்ராஸ் நோயைப் பொறுத்தவரை, ஏ.நளினியும் குழுவினரும் 1971 முதல் 36 ஆண்டுகளில் அங்கே பார்க்கப்பட்ட 116 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2008-ல் வெளியிட்டார்கள். நோய் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். ஜி.எச்.சில் கண்ணால் கண்டு சொன்னது, இப்போது எண்ணிக்கையாக நின்றது. பழைய கேஸ் ஷீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்த ஆவணக் காப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன், அவர்களை யாரும் கட்டுரையில் குறிப்பிடுவதில்லை.

நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஏன் நம் பக்கம் மட்டும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பாதித்த 15 குடும்பங்களை நளினியின் குழு 2006-ல் விவரித்தது. சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோர் அவற்றில் இருந்தார்கள். அதனால் மரபணுவிலும் தேடினார்கள்.

அந்தத் தேடலில் ஒரு நம்பிக்கை பிறந்தது. பிரவுன், வயலெட்டோ, வான் லேர் என்ற மூன்று மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படும் இன்னொரு அரிய நோய் இருக்கிறது. அதிலும் காது கேட்காமல் போகும், முகமும் நாக்கும் தளரும், கை கால் சதை வற்றும். மெட்ராஸ் நோயின் அக்கா தங்கை போல இருக்கும். 1894-லேயே விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கு 2010-ல் காரணம் கிடைத்தது: பி2 வைட்டமினான ரிபோஃபிளேவினை உடலுக்குள் ஏற்றிச் செல்லும் ஒரு மரபணுவில் கோளாறு. பாலிலும் முட்டையிலும் கீரையிலும் இருக்கும் அதே வைட்டமினைப் பெரிய அளவில் மாத்திரையாகக் கொடுத்தபோது குழந்தைகள் பலர் தேறினார்கள். நரம்பணு சாகும் நோயில் இப்படி ஒன்று நடப்பது அபூர்வம். அப்படியானால் நம் மெட்ராஸ் நோய்க்கும் இதுதான் காரணமோ? பெங்களூரு மருத்துவர்கள் லண்டன் மரபியலாளர்களோடு சேர்ந்து சோதித்து, 2013-ல் பதிலை வெளியிட்டார்கள். இல்லை, இது வேறு. தாங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய விடை கிடைக்கவில்லை என்பதையும் கட்டுரையாகப் போட்டு உலகுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நன்மை நடந்தது. காது மந்தமும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வரும் குழந்தைக்கு, அது அந்த வைட்டமின் நோயாக இருக்குமோ என்று பார்ப்பது இப்போது அவசியமாகிவிட்டது. தவற விட்டால் குணப்படுத்தக்கூடிய ஒன்றைத் தவற விட்டதாகிவிடும்.

சரி, நம் துடிப்பு?

இவ்வளவும் அரிய நோய்களின் கதை. நமக்கு வரும் கண் துடிப்புக்கும் கெண்டைக்கால் துடிப்புக்கும் இவற்றோடு பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், துடிப்பு மட்டும் இருந்து, வேறு கோளாறு எதுவும் காணப்படாத 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 1993-ல் வெளியான அவர்களின் முடிவு: ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. செல்போனில் தேடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

தூக்கக் குறைவு, அளவு மீறிய டீ காபி, எனர்ஜி டிரிங்க், உடல் களைப்பு, மனக் கவலை இவையே பெரும்பாலான துடிப்புகளுக்குக் காரணம். நம் வட்டாரத்துக்கு இந்தப் பட்டியல் சரியாகப் பொருந்தும். 2024 ஆகஸ்டில் இங்கே வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அந்த விடுதியிலும் நம் குடியிருப்பிலும் வாரம் ஒரு நேரம் தூங்கிப் பழகும் ஷிப்ட் உடம்புகள் எத்தனை என்று யோசியுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும், ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் குறைவதும் துடிப்பு தரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முகத்தின் ஒரு பாதி மட்டும், கண்ணில் தொடங்கி வாய் ஓரம் வரை இழுத்து இழுத்துத் துடித்தால் அது தனி. மூளையடியில் ஒரு ரத்தக்குழாய் முக நரம்பை உரசுவதால் வருவது. போட்டாக்ஸ் ஊசியால் கட்டுப்படும், அறுவை சிகிச்சையும் உண்டு. பூச்சிமருந்து தெளித்தவருக்கு உடம்பெல்லாம் சதை துடித்து, எச்சில் ஒழுகி, கண் பாவை ஊசிமுனை போல் சுருங்கினால், அது நரம்பு நோய் அல்ல, விஷம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நம் காம்பவுண்டைத் தாண்டினால் இன்னும் வயல்கள் மிச்சமிருக்கின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

மருத்துவர் கவலைப்படுவது துடிப்பைக் கண்டு அல்ல, அதோடு கூட வருவதைக் கண்டு. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, சாவியைத் திருக முடியவில்லை, செருப்பு காலிலிருந்து கழன்று போவதே தெரியவில்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருக்கிறது, பேச்சு மூக்கால் வருகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், துடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர் ஈ.எம்.ஜி. என்ற ஊசிப் பரிசோதனை எழுதிக் கொடுக்கலாம். கொஞ்சம் வலிக்கும், ஆனால் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவிடும். துடிப்பு டாக்டர் முன்னால் வராது என்பது பொதுவான புகார், அதனால் வரும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, அதோடு கையெழுத்தும் கெட்டுவிட்டது அல்லது பேச்சு குழறுகிறது என்றால், ஹெட்போனைத் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். காது டாக்டரிடம் தனியாகவும் எலும்பு டாக்டரிடம் தனியாகவும் காட்டினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளிருக்காது. செவித்திறன் பரிசோதனை அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா, குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேட்காமல் போனதா என்று அங்கே கேட்பார்கள். போகும் முன் பாட்டியிடம் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.